பழைய கணினி எழும்பவில்லையா? முதலில் லான் வயரைக் கழற்றிப் பாருங்கள்

பழைய கணினி எழும்ப நேரமெடுத்தால் "ஃபோர்மட் அடி", "எஸ்எஸ்டி போடு" என்றுதான் திருகோணமலையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். எஸ்எஸ்டி என்கிற வேகமான டிஸ்க் நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கணினி நெட்வேர்க்கில் இருந்தால், காசு செலவழிக்கமுன் லான் வயரைக் கழற்றிவிட்டு ஒருதரம் போட்டுப் பாருங்கள். சட்டென்று எழும்பினால் பெரும்பாலும் டிஸ்க்கில் பிழையில்லை. நெட்வேர்க்கில் எதற்காகவோ அது காத்துக்கொண்டு நிற்கிறது.

மத்திய வீதியில் ஒரு ஃபோட்டோகொப்பி கடை. "தம்பி, பள்ளிக்கூடப் பிள்ளையள் வந்து நிக்குதுகள், இது இன்னும் கறுப்பாத்தான் கிடக்கு" என்றார் கடைக்கார அக்கா. பக்கத்தில் நின்று பார்த்தேன். விண்டோஸ் அடையாளம் வரமுன்பே கறுப்புத் திரையில் டிஎச்சிபி (நெட்வேர்க்கில் முகவரி கேட்பது) என்று ஒரு வரி, அதன் பின்னால் புள்ளி புள்ளியாக ஓடிக்கொண்டிருந்தது. சொந்த டிஸ்க்கை விட்டுவிட்டு நெட்வேர்க்கிலிருந்து எழும்பப் பார்க்கிறது! பிஎக்ஸ்இ என்கிற அந்த முறை 4, 8, 16, 32 விநாடி என்று பதிலுக்குக் காத்திருக்கும். கூட்டினால் முழுதாக ஒரு நிமிடம். இரவில் மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டுப் போவதால் காலையில் ரவுட்டரும் அப்போதுதான் எழும்பும், பதில் சொல்ல ஆளில்லை.

விண்டோஸுக்கு முன் ஓடும் பயோஸில், எதிலிருந்து முதலில் எழும்புவது என்ற வரிசையை மாற்றினால் போதும்தான். ஆனால் அது தானாக ஏன் மாறியது?

"திகதி சரியாக் காட்டுதா அக்கா?"

"எங்க தம்பி, ஒவ்வொரு நாளும் நான்தான் மாத்திறன்."

அப்புறம் என்ன, மூடியைக் கழற்றி மதர்போர்டில் இருந்த சிஆர் 2032 பற்றரியை மீற்றரில் பிடித்தேன். 3 வோல்ட் காட்டவேண்டியது 2ஐத் தாண்டவில்லை. கரண்ட் இல்லாத நேரம் பயோஸ் செட்டிங்கையும் மணிக்கூட்டையும் காப்பாற்றுவது அந்தச் சின்னப் பற்றரிதான். அது செத்தால் எல்லாம் கம்பனி செட்டிங்குக்குத் திரும்பிவிடும். அந்தக் கணினியில் கம்பனி செட்டிங் நெட்வேர்க்கைத்தான் முதலில் வைத்திருந்தது. பற்றரியை மாற்றி, வரிசையைச் சரிசெய்து, நெட்வேர்க்கிலிருந்து எழும்பும் வசதியை நிறுத்திவிட்டேன். இப்போது அக்கா திகதியைத் தொடுவதே இல்லை.

உவர்மலையில் ஒரு கணக்காளர் வீட்டில் வேறு மாதிரி. விண்டோஸ் வரும், பாஸ்வேர்ட் அடித்தபிறகு அப்படியே நின்றுவிடும். உள்ளே போய்ப் பார்த்தால் சிவப்புப் புள்ளடியோடு ஒரு இசட் டிரைவ். எப்போதோ விற்றுவிட்ட இன்னொரு கணினியின் ஃபோல்டர் அது. ஒவ்வொரு காலையும் இல்லாத கணினியைத் தேடிக் களைத்தபிறகுதான் டெஸ்க்டொப் வரும். அதன்மேல் ரைட் கிளிக், டிஸ்கனெக்ட், அவ்வளவுதான். பழைய நெட்வேர்க் பிரின்டர்களும் இப்படித்தான் இழுத்தடிக்கும், அவற்றையும் அழித்துவிடுங்கள்.

விண்டோஸ் விஸ்டா முதல் இன்னொரு வசதி உண்டு. விண்டோஸின் பதிவேடான ஈவன்ட் வியூவரில் டயக்னொஸ்டிக்ஸ் பெர்ஃபோமன்ஸ் என்ற பகுதியில் 100 என்ற இலக்கமுள்ள பதிவைத் திறந்தால், விண்டோஸ் எழும்ப எடுத்த நேரம் மில்லிசெக்கனில் இருக்கும். ஏதாவது மாற்றமுன்னும் மாற்றியபிறகும் அதைப் பாருங்கள், கண்மதிப்பை நம்பவேண்டாம்.

வயரைக் கழற்றியும் ஒரு மாற்றமும் இல்லை, டிஸ்க்கிலிருந்து டிக் டிக் என்று சத்தமும் வருகிறது என்றால் வேறு எதையும் தொடாதீர்கள். முதலில் படங்களையும் கணக்குகளையும் வெளியே கொப்பி பண்ணுங்கள். சரி, அதற்குப் பிறகு எஸ்எஸ்டி வாங்கலாம்.