கம்பெனியை விற்றபோது என் ஈசாப் என்ன ஆனது

2016இல் சென்னையில் ஒரு சின்ன மென்பொருள் கம்பெனியில் எட்டாவது ஆளாகச் சேர்ந்தேன். சம்பளம் குறைவு; அதற்கு ஈடாக ஈசாப், அதாவது ஊழியருக்கான பங்குத் திட்டத்தில், 12,000 ஆப்ஷன் கொடுத்தார்கள். கம்பெனிப் பங்கை முன்பே குறித்த விலைக்கு வாங்கும் உரிமைதான் ஆப்ஷன். எக்சர்சைஸ் விலை, அதாவது உரிமையைப் பயன்படுத்திப் பங்கு வாங்கக் கொடுக்க வேண்டியது, 10 ரூபாய்; நான்கு வருடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக முழுவதும் வெஸ்ட் ஆகும், அதாவது எனக்கு உரியதாகும். மூன்று வருடம் முடிந்த கையோடு ஒரு வெளிநாட்டு நிறுவனம் எங்களை 80 கோடிக்கு வாங்கியது.

அன்று ராத்திரி நானும் மனைவியும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். மொத்தம் 10 லட்சம் பங்கு. வகுத்தால் பங்குக்கு 800 ரூபாய். வெஸ்ட் ஆன 9,000க்கு, எக்சர்சைஸ் விலை போக, 71 லட்சம். வீட்டுக் கடன் தீர்ந்தது என்றே நினைத்தோம்.

அந்தக் கணக்கு தப்பு. கடன், வக்கீல் செலவு என்று முதலில் 4 கோடி போனது. அப்புறம் முதலீட்டாளர்கள். அவர்களிடம் இருப்பது முன்னுரிமைப் பங்கு. போட்ட பணத்தை அவர்கள் எடுத்த பிறகுதான் மற்றவர்களுக்கு. லிக்விடேஷன் பிரிஃபரன்ஸ் என்பது இதுதான். அவர்கள் போட்டது 70 கோடி. தங்கள் 60 சதவீதப் பங்குக்கு உரியதை வாங்கினால் 46 கோடிகூடத் தேறாது, அதனால் 70 கோடியையே எடுத்துக்கொண்டார்கள். மிச்சம் 6 கோடி, பங்கிட 4 லட்சம் சாதாரணப் பங்கு. பங்குக்கு 150 ரூபாய். எனக்கு 12.6 லட்சம்.

அதையும் சம்பளமாகக் கணக்கிட்டு டிடிஎஸ் பிடித்தார்கள். ஒரு பகுதியை 18 மாதம் எஸ்க்ரோவில், அதாவது மூன்றாம் தரப்பின் பொறுப்பில், நிறுத்தி வைத்தார்கள். வெஸ்ட் ஆகாத 3,000 ரத்து. இயக்குநர் குழு அப்படிச் செய்யலாம் என்று ஈசாப் திட்ட ஆவணத்தில் ஒரு வரி இருந்தது. சேரும்போது அந்த ஆவணத்தை யாரும் காட்டவில்லை, நானும் கேட்கவில்லை.

பணம் குறைந்ததைவிட இன்னொன்றுதான் இன்றும் வலிக்கிறது. ஒவ்வொரு ஃபண்டிங் வந்தபோதும் ஆபீஸில் கேக் வெட்டினோம். எங்களுக்கு முன்னால் வரிசையில் நிற்கும் தொகை ஏறிக்கொண்டே போகிறது என்று ஒருவரும் எங்களிடம் சொல்லவில்லை.

இது எங்களுக்கு மட்டும் நடந்ததல்ல. ஒரு காலத்தில் 100 கோடி டாலருக்கு மேல் மதிப்பிடப்பட்ட குட் டெக்னாலஜி என்ற அமெரிக்க மென்பொருள் நிறுவனத்தை 2015இல் பிளாக்பெர்ரி 42.5 கோடி டாலருக்கு வாங்கியது. முன்னுரிமைப் பங்குக்கு ஏறக்குறைய 3 டாலர் கிடைத்தது, ஊழியர்களின் சாதாரணப் பங்குக்கு 44 சென்ட். பழைய, உயர்ந்த மதிப்பில் வரி கட்டியிருந்த ஊழியர்களும் அதில் இருந்தார்கள்.

*

அண்ணே, நீங்கள் எழுதியதைப் படித்தேன். எனக்கு நடந்தது வேறு. எங்கள் கம்பெனியை விற்பதற்கு ஆறு மாதம் முன்பே வேலையை விட்டேன். வெஸ்ட் ஆனதை 90 நாளுக்குள் எக்சர்சைஸ் செய்ய வேண்டும் என்றார்கள். பட்டியலிடாத பங்கு, வாங்கினாலும் விற்க இடமில்லை. ஆனாலும் அன்றைய மதிப்புக்கும் எக்சர்சைஸ் விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு உடனே வரி உண்டு. எல்லாம் சேர்த்து நாலு லட்சம் வேண்டும். அம்மாவுக்கு ஆபரேஷன் நடந்த நேரம் அது. விட்டுவிட்டேன். கம்பெனி விற்ற செய்தியை நண்பன் போனில் சொன்னபோது எனக்குப் பேச்சே வரவில்லை. இப்போது வேறு இடத்தில் ஆஃபர் வந்திருக்கிறது, அதிலும் ஆப்ஷன். என்ன கேட்க வேண்டும்?

*

தம்பி, அம்மா இப்போது நலம்தானே? அன்று நீங்கள் செய்தது சரி.

ஆஃபர் கடிதம் மட்டும் போதாது, திட்ட ஆவணத்தையே கேட்டு வாங்குங்கள். மொத்தம் எத்தனை பங்கு, முதலீட்டாளர்கள் எவ்வளவு போட்டிருக்கிறார்கள், போட்டதை எடுத்த பிறகு மிச்சத்திலும் அவர்களுக்குப் பங்கு உண்டா என்று கேளுங்கள். கம்பெனியை விற்று, அதன்பின் உங்களையும் அனுப்பினால் மீதி ஆப்ஷன் உடனே வெஸ்ட் ஆகுமா? அதை டபுள் டிரிகர் என்பார்கள், எழுத்தில் வேண்டும். அந்த 90 நாளையும் நீட்டச் சொல்லுங்கள். வருடக்கணக்கில் அவகாசம் தரும் கம்பெனிகள் இருக்கின்றன. பதில் சொல்ல மறுத்தால் ஆப்ஷனைப் பூஜ்யமாக வைத்துச் சம்பளத்தை மட்டும் பேசுங்கள்.