பிலடெல்பியா மாநாட்டில் எதற்குப் போவது? எங்கள் குடும்பக் குழுவில் நடந்த உரையாடல்

2022 நவம்பர் 13, ஞாயிறு

சுமதி அக்கா: எல்லோருக்கும் வணக்கம். அமெரிக்காவின் சமூகக் கல்விக்கான தேசியக் கவுன்சில் ஆண்டுதோறும் நடத்தும் ஆசிரியர் மாநாடு, இந்த முறை டிசம்பர் 2 முதல் 4 வரை பிலடெல்பியாவில் நடக்கிறது. கொரோனாவால் 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் இணையத்திலேயே நடந்ததால், ஆசிரியர்கள் நேரில் கூடப்போகும் இந்த மாநாட்டை நான் மிகவும் எதிர்பார்த்திருக்கிறேன். பதிவுக் கட்டணத்தையும், அந்த வெள்ளிக்கிழமை எனக்குப் பதிலாக வகுப்பெடுப்பவரின் சம்பளத்தையும் பள்ளி ஏற்றுக்கொண்டது. வழக்கமான அமர்வுகளுக்கு வெளியே உள்ள சிறப்பு நிகழ்வுகளுக்கு, அதாவது அருங்காட்சியகங்களுக்கும் வரலாற்று இடங்களுக்கும் போய்வருவதற்கு, என் கைப்பணத்தைத்தான் செலவிட வேண்டும். எல்லாவற்றுக்கும் போக நேரமும் இல்லை, பணமும் இல்லை. அப்பாவும் அத்தையும் பல ஆண்டுகள் வகுப்பறையில் நின்றவர்கள் என்பதால், எதைத் தேர்ந்தெடுப்பது என்று இங்கே கேட்கிறேன்.

பாலு மாமா: சுமதி, பாடத்திட்டம், கற்பித்தல் முறை, தேர்வு என்று நூற்றுக்கணக்கான அமர்வுகள் நடக்கும்போது, அவற்றை விட்டுவிட்டு வெளியே போவதைப் பள்ளி நிர்வாகம் எப்படி எடுத்துக்கொள்ளும்? நீ இருக்கும் நியூ ஜெர்சிக்குப் பிலடெல்பியா பக்கத்து ஊர்தானே. ஊர் பார்ப்பதை விடுமுறையில் பிள்ளைகளோடு வைத்துக்கொள்ளலாமே.

அப்பா: பாலு கேட்பது நியாயமான கேள்விதான். ஆனால் அமர்வில் பேசியவரின் குறிப்புகளைப் பிறகு எழுதிக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். ஒரே பாடத்தை நடத்தும் நாலைந்து ஆசிரியர்கள் ஓர் இடத்தின் முன்னால் சேர்ந்து நின்று, இதை உன் வகுப்பில் எப்படிச் சொல்கிறாய், பிள்ளைகள் என்ன கேட்டார்கள் என்று ஒருவரையொருவர் விசாரிக்கும் வாய்ப்பு விடுமுறைப் பயணத்தில் கிடைக்காது. எந்தெந்த இடங்கள் உன் மனத்தில் இருக்கின்றன, சுமதி?

சுமதி அக்கா: மாநாடு நடக்கும் கட்டடத்திலிருந்து நடந்தே போகக்கூடிய தொலைவில் தேசிய அரசியலமைப்பு மையம் இருக்கிறது. 2003 ஜூலை 4 அன்று திறக்கப்பட்ட அந்த மையத்தில், 1787 செப்டம்பர் 17 அன்று அரசியலமைப்பில் கையெழுத்திட்ட 39 பேரும், கையெழுத்திட மறுத்த மூவரும் ஆளுயர வெண்கலச் சிலைகளாக நிற்கிறார்கள். 2017இல் திறந்த அமெரிக்கப் புரட்சி அருங்காட்சியகத்தில், போர்க்களத்தில் வாஷிங்டன் தங்கிய கூடாரமே பாதுகாக்கப்பட்டிருக்கிறது. 1829 முதல் 1971 வரை இயங்கிய கிழக்கு மாநிலச் சிறைச்சாலையும் உண்டு, ஆனால் அது சற்றுத் தள்ளி இருக்கிறது. மாநாட்டுக்குள்ளேயே, சிறுபான்மை இனங்களைப் பற்றிய சிறந்த இளையோர் நூல்களுக்குக் கார்ட்டர் உட்சன் பெயரில் கவுன்சில் அளிக்கும் விருதும் இருக்கிறது. கறுப்பின வரலாற்று வாரத்தை 1926இல் தொடங்கியவர் அவர்.

இவை தவிர இன்னோர் இடம். ஆறாவது தெருவும் மார்க்கெட் தெருவும் சந்திக்கும் மூலையில், குடியரசுத் தலைவர் இல்லம் இருந்த மனை. அதற்கு நுழைவுச்சீட்டே கிடையாது, திறந்தவெளிதான். என் மனம் அங்கேயே போய் நிற்கிறது.

கதிர்: வெள்ளை மாளிகை வாஷிங்டனில் அல்லவா இருக்கிறது, அக்கா?

சுமதி அக்கா: 1790 முதல் 1800 வரை நாட்டின் தலைநகரம் பிலடெல்பியா, கதிர். ஜார்ஜ் வாஷிங்டனும் அவருக்குப் பின் ஜான் ஆடம்ஸும் அந்த வீட்டில் குடியிருந்துதான் ஆட்சி நடத்தினார்கள். வீட்டின் பெரும்பகுதியை 1832இல் இடித்துவிட்டார்கள். வாஷிங்டன் அந்த வீட்டில் ஒன்பது அடிமைகளை வைத்திருந்தார்.

பென்சில்வேனியா மாநிலம் 1780இலேயே அடிமை முறையைப் படிப்படியாக ஒழிக்கும் சட்டத்தை இயற்றியிருந்தது. வெளி மாநிலத்தார் அழைத்துவரும் அடிமைகள் ஆறு மாதம் தொடர்ந்து அங்கே தங்கிவிட்டால் விடுதலை கோரலாம் என்று அந்தச் சட்டம் சொன்னது. நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு விலக்கு இருந்தது, குடியரசுத் தலைவருக்கு இல்லை. எனவே ஆறு மாதம் நிறைவதற்குள் தம் அடிமைகளை மாநில எல்லைக்கு வெளியே அனுப்பி, மீண்டும் அழைத்துவரும் ஏற்பாட்டை வாஷிங்டன் செய்துகொண்டார். அதை வெளியில் தெரியாமல் செய்யச் சொல்லித் தம் செயலாளருக்கு அவர் எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது.

அப்பா: சட்டத்தின் எழுத்தை மீறாமல் அதன் நோக்கத்தைத் தோற்கடித்திருக்கிறார். குடிமைப் பாடத்தில் ஒரு வாரம் பேசலாம். இப்படி ஓர் ஆபத்து இருப்பதை அவருக்கு யார் சொன்னார்கள்?

சுமதி அக்கா: அதுதான் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது, அப்பா. 1791இல் அரசின் தலைமை வழக்கறிஞராக இருந்த எட்மண்ட் ராண்டால்ஃப், தம்மிடமிருந்த மூன்று அடிமைகள் அந்தச் சட்டப்படி விடுதலை கோரப்போவதாகத் தமக்கே அறிவித்துவிட்டதை வாஷிங்டன் வீட்டாரிடம் வந்து சொல்லி எச்சரித்தார். 1787இல் அரசியலமைப்பில் கையெழுத்திட மறுத்த மூவரில் ஒருவரும் இதே ராண்டால்ஃப்தான். அந்த மையத்தில் அவருடைய சிலையைப் பார்க்கும் மாணவர், சில தெருக்கள் தள்ளி இந்த மனையில் அவரையே வேறொரு கோலத்தில் சந்திப்பார்.

வசந்தா அத்தை: சுமதி, படிக்கும்போதே மனம் கனக்கிறது. நான் தொடக்கப்பள்ளியில் இருந்தவள் என்பதால் ஒன்று கேட்கிறேன். உன் வகுப்பில் கறுப்பினப் பிள்ளைகளும் இருப்பார்கள் அல்லவா? அடிமைகள், அடிமைகள் என்று ஒரு மணி நேரம் பேசினால், அந்தப் பிள்ளைகள் மற்றவர்கள் முன்னால் குன்றிப்போக மாட்டார்களா?

சுமதி அக்கா: அத்தை, இந்தக் கேள்வியைத்தான் மாநாட்டுக்கு எடுத்துக்கொண்டு போகிறேன். நியூ ஜெர்சியில் 2002ஆம் ஆண்டின் அமிஸ்டாட் சட்டப்படி ஆப்பிரிக்க அமெரிக்கர்களின் வரலாற்றைப் பாடத்தில் சேர்த்தே ஆக வேண்டும். சேர்ப்பதா வேண்டாமா என்பது எங்களுக்குக் கேள்வி அல்ல, எப்படி என்பதே கேள்வி. அந்த இடத்தை ஏற்கெனவே மாணவர்களுக்குக் காட்டிய ஆசிரியர்களோடு நின்று பேசினால் ஒரு வழி பிடிபடும் என்று நம்புகிறேன்.

அப்பா: அப்படியானால் சிறைச்சாலையை விட்டுவிடு. அரசியலமைப்பு மையத்துக்குப் பணம் கட்டு. மனைக்குச் சக ஆசிரியர்களைச் சேர்த்துக்கொண்டு நீயே போ. விருது பெற்ற நூல்களின் பட்டியலைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம்.

2022 டிசம்பர் 4, ஞாயிறு

சுமதி அக்கா: மாநாடு இன்று நிறைவடைந்தது. வெள்ளிக்கிழமை மாலை அரசியலமைப்பு மையத்துக்கும், நேற்றுக் காலை மனைக்கும் போய்வந்தேன். மனைக்கு என்னோடு மேரிலாந்தைச் சேர்ந்த இரண்டு ஆசிரியைகளும் ஓஹையோவைச் சேர்ந்த ஓர் ஆசிரியரும் வந்தார்கள். மூவருமே முந்தைய நாள் ஓர் அமர்வில் அறிமுகமானவர்கள்.

2007இல் தொல்லியல் அகழ்வு செய்தபோது வெளிப்பட்ட அடித்தளச் சுவர்களைக் கண்ணாடி வழியாகக் குனிந்து பார்க்கலாம். வளைந்து போகும் ஒரு கல்வரிசை இருக்கிறது. விருந்தினர்களை வரவேற்கும் அறைக்கு வாஷிங்டன் கட்டுவித்த வில்வடிவச் சாளரத்தின் அடித்தளம் அது. அதற்குச் சில அடிகள் தள்ளி, சமையலறையிலிருந்து வீட்டுக்குள் வர வேலையாட்கள் பயன்படுத்திய நிலத்தடி வழி தெரிகிறது. விருந்தினர் கண்ணில் படாமல் நடமாட வேண்டியவர்களின் பாதையும், குடியரசுத் தலைவர் நின்று கைகூப்பல்களை ஏற்ற இடமும் அவ்வளவு அருகருகே இருந்தன என்பதை எந்த வரைபடமும் எனக்கு இப்படி உணர்த்தியதில்லை. ஒன்பது பேரின் பெயர்களையும் கருங்கல் சுவரில் வெட்டியிருக்கிறார்கள். அந்த மனையை ஒட்டியே, அமெரிக்க விடுதலையின் சின்னமாகப் போற்றப்படும் விடுதலை மணி வைக்கப்பட்டிருக்கும் கட்டடத்தின் வாசல்.

வசந்தா அத்தை: என் கேள்விக்கு விடை கிடைத்ததா, கண்ணு?

சுமதி அக்கா: கிடைத்தது, அத்தை. மேரிலாந்து ஆசிரியைகளில் ஒருவர் தம் வகுப்பை அடிமை முறையின் கொடுமையிலிருந்து தொடங்குவதில்லையாம். அந்த ஒன்பது பேரில் ஒருவரான ஓனி ஜட்ஜ் என்ற பெண் எடுத்த முடிவிலிருந்து தொடங்குகிறார். வாஷிங்டனின் மனைவி மார்த்தாவின் தனிப் பணிப்பெண்ணாகவும் தையல் வேலையில் தேர்ந்தவராகவும் இருந்த ஓனிக்கு அப்போது இருபத்திரண்டு வயதுபோல இருக்கும். தன்னை மார்த்தாவின் பேத்திக்குக் கொடுத்துவிடப் போகிறார்கள் என்று தெரிந்ததும், நகரத்துக் கறுப்பின நண்பர்களிடம் தம் உடைமைகளை முன்கூட்டியே சேர்ப்பித்துவிட்டு, 1796 மே 21 அன்று வீட்டார் உணவருந்திக்கொண்டிருந்தபோது வெளியேறினார். கப்பலேறி நியூ ஹாம்ப்ஷயரின் போர்ட்ஸ்மத்துக்குப் போய்ச் சேர்ந்தார்.

வீட்டு மேலாளர் செய்தித்தாளில் கொடுத்த விளம்பரத்தின் நகலை அந்த ஆசிரியை எங்கள் கையில் தந்து, அங்கேயே படிக்கச் சொன்னார். பத்து டாலர் வெகுமதி. முகத்தின் புள்ளிகள், கண்ணின் கருமை, அடர்ந்த கூந்தல் எல்லாம் எழுதப்பட்டிருக்கின்றன. நல்ல துணிமணிகள் பல அவரிடம் இருப்பதாகவும் சொல்லியிருக்கிறார்கள். அவர் ஓடிப்போவார் என்று சந்தேகிக்க இடமே இருக்கவில்லை, போவதற்குத் தூண்டுதல் எதுவும் நேரவுமில்லை என்று ஒரு வரி வருகிறது. அந்த வரியை அடிக்கோடிடச் சொல்லி, இதை எழுதியவருக்கு எது தெரியவில்லை என்று தம் மாணவர்களைக் கேட்பாராம். கறுப்பினப் பிள்ளைகள் தலைநிமிர்ந்து முதலில் கை தூக்கும் பாடம் அதுதான் என்று அவர் சொன்னார்.

அப்பா: அருமையான ஆசிரியை. ஓனியை அவர்கள் திரும்பப் பிடித்தார்களா?

சுமதி அக்கா: இல்லை, அப்பா. போர்ட்ஸ்மத் சுங்க அதிகாரி வழியாகவும், பின்னர் 1799இல் மார்த்தாவின் உறவினர் ஒருவர் வழியாகவும் முயன்றார்கள். ஓனி மறுத்துவிட்டார், இரண்டாம் முறை ஒளிந்து தப்பினார். ஆனால் தப்பியோடிய அடிமைகளைப் பிடித்துக்கொண்டு போக வழிசெய்யும் 1793ஆம் ஆண்டுச் சட்டத்தில் கையெழுத்திட்டவரே வாஷிங்டன்தான். அந்தச் சட்டத்தின் கண்ணில் 1848இல் இறக்கும்வரை ஓனி தப்பியோடியவராகவே இருந்தார். முதுமையில் வறுமையிலும் கடும் உழைப்பிலும் இருந்தபோது, வாஷிங்டன் வீட்டைவிட்டு வந்ததற்கு வருந்துகிறீர்களா என்று ஒரு பத்திரிகைக்காகக் கேட்டார்கள். இல்லை, நான் விடுதலை பெற்றவள் என்று பதில் சொன்னார்.

பாலு மாமா: சுமதி, நீ எழுதியதை இரண்டு முறை படித்தேன். இதை அரங்கில் உட்கார்ந்து கேட்டிருக்க முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். மாநாட்டைப் பற்றிப் பள்ளிக்கு அறிக்கை கொடுப்பாய் அல்லவா, அதில் இந்த நடைப்பயணத்தையும் சேர்ப்பாயா?

சுமதி அக்கா: கட்டாயம் சேர்ப்பேன், மாமா. வசந்த காலத்தில் எட்டாம் வகுப்பை அங்கே அழைத்துப்போக அனுமதியும் கேட்கப்போகிறேன். பெரும்பாலான பள்ளிகள் மணியில் தொடங்கி அரசியலமைப்பு மையத்தில் முடிக்கின்றன. நான் மனையில் தொடங்கி, அந்த விளம்பரத்தைப் படிக்கவைத்த பிறகு மணியைக் காட்டலாம் என்றிருக்கிறேன். அந்த மணிக்கு விடுதலை மணி என்ற பெயரைப் பரப்பியவர்களே 1830களின் அடிமை ஒழிப்புப் போராளிகள்தான் என்பதால் அந்த வரிசை பொருந்தும். சிலைகள் கடைசியில். ராண்டால்ஃப் எங்கே நிற்கிறார் என்று பிள்ளைகளே தேடிக் கண்டுபிடிக்கட்டும்.

அப்பா: விளம்பரத்தின் நகலை எனக்கும் அனுப்பு. தமிழில் பெயர்த்துக் கொடுக்கிறேன். நம் தெருவில் மாலையில் என்னிடம் படிக்க வரும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அமெரிக்கப் புரட்சி பாடத்தில் இருக்கிறது.

சுமதி அக்கா: இதோ அனுப்புகிறேன், அப்பா. இரண்டாம் பத்தியில் எழுத்து மங்கியிருக்கிறது, அதை மட்டும் தனியாகத் தட்டச்சு செய்து நாளை இடுகிறேன்.