எட்டு மணிக்குப் போனை அணைக்க எல்லாராலும் முடியுமா?

கடைமடைக்காரன்:
நேற்று இங்கே ‘அரசலாறு’ என்பவர் எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரவு எட்டு மணிக்குப் போனை அணைத்துவிட வேண்டுமாம். டிவியை நிறுத்திவிட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார வேண்டுமாம். அப்போதுதான் யோசனை தெளியுமாம், வீட்டு மனுஷர்களோடு பேச்சு வருமாம், நல்ல தூக்கம் பிடிக்குமாம். “டெல்டாக்காரன் இதற்காக மலைக்குப் போக வேண்டாம், வாசலே போதும்” என்று வேறு எழுதியிருக்கிறார்.

ஐயா, எட்டு மணிக்கு நான் போனை அணைத்தால் என் வயலுக்கு யார் தண்ணீர் பாய்ச்சுவது? நான் வேதாரண்யம் பக்கம். காவிரி கல்லணையில் வெண்ணாறாகப் பிரிந்து, நீடாமங்கலத்தில் கோரையாறு, பாமணியாறு என்று பங்கு போட்டு, மிச்சம் மீதிதான் எங்களுக்கு. தண்ணீரை முறை வைத்து விடும்போது எங்கள் முறை பகலில் வருமா, ராத்திரியில் வருமா என்று யாருக்கும் தெரியாது. போன சம்பாவில் “ஷட்டர் தூக்கியாச்சு” என்று லஸ்கர், அதாவது மதகு திறந்துவிடும் பாசன ஊழியர், கூப்பிட்டபோது இரவு பதினொன்றரை. மண்வெட்டியும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு ஓடினேன். அந்த அழைப்பை விட்டிருந்தால் அடுத்த முறை வரை பயிர் காய்ந்திருக்கும். போர்வெல் போட்டு இறைத்துக்கொள்ளலாம் என்றால் எங்கள் நிலத்தடி நீர் உப்பு.

அரசலாறு:
எழுதியதை முழுக்கப் படிக்காமல் பொங்குவது உங்களுக்குப் புதிதில்லை. உர விலை விவாதத்திலும் இதையேதான் செய்தீர்கள். நான் கேட்டது எட்டிலிருந்து பத்து வரை. லஸ்கர் கூப்பிட்டது பதினொன்றரைக்கு என்று நீங்களே சொல்கிறீர்கள். அப்புறம் எட்டு மணிக்கு அணைக்க என்ன தடை?

இதை நான் எங்கேயோ படித்துவிட்டுச் சொல்லவில்லை. கும்பகோணத்தில் எங்கள் தெருவில் ஒருநாள் கரண்ட் போனது. போனிலும் சார்ஜ் இல்லை. வேறு வழியில்லாமல் எல்லாரும் வாசலுக்கு வந்தோம். பிளஸ் டூ படிக்கும் என் மகள், கணக்கு தனக்கு ஏறவே இல்லை என்று அன்றைக்குத்தான் வாய்விட்டுச் சொன்னாள். வருஷம் முழுக்க ஒரே கூடத்தில் இருந்தோம். அவள் கையில் ஒரு போன், என் கையில் ஒரு போன். அவள் முகம் வாடியதை நான் பார்க்கவே இல்லை. அன்றிலிருந்து எட்டு மணி என்றால் எட்டு மணிதான்.

கடைமடைக்காரன்:
பதினொன்றரைக்கு வந்தது ஒருநாள். இன்னொரு நாள் எட்டே காலுக்கு வரும். வரும்போதுதான் வரும். தண்ணீருக்கு உங்கள் கடிகாரம் தெரியாது.

திருவாரூர் டீச்சர்:
எட்டு மணிக்கு வாசலில் நாற்காலி போட்டு உட்காருவது யார் என்று இரண்டு சாரும் கேட்டுக்கொள்ளவில்லை. என் வீட்டில் அந்த நேரத்தில் தோசைக்கல் அடுப்பில் இருக்கும். கடைசி ஆள் சாப்பிட்டு எழுந்து, நான் பாத்திரம் கழுவி, மறுநாளைக்குக் காய் நறுக்கி வைக்கும்போது மணி பத்து. எனக்கு யோசிக்கக் கிடைப்பது விடியற்காலையில் வாசல் தெளித்துக் கோலம் போடுகிற நேரம் மட்டும்தான். புள்ளி வைத்து இழுத்து முடிக்கும் வரை யாரும் என்னிடம் எதுவும் கேட்பதில்லை. வகுப்பில் எந்தப் பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டுப் பேச வேண்டும் என்பதை அங்கே குனிந்தபடியேதான் முடிவு செய்வேன். அப்போது போன் எங்கே கிடக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது.

அரசலாறு:
டீச்சரம்மா, எங்கள் வீட்டில் நானும் பாத்திரம் கழுவுகிறேன்.

திருவாரூர் டீச்சர்:
எட்டு மணிக்கு முன்னாலா, பின்னாலா சார்?

மன்னை:
போனை விடுங்கள். அதையாவது அணைக்க முடியும். எங்கள் தெரு முனையில் ஆடி மாதம் முழுக்கக் குழாய் ஒலிபெருக்கி கட்டுகிறார்களே, அதை யார் அணைப்பது? 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல்தான் அளவு. எங்கள் ஊரில் விடிகாலை நாலரைக்கே ஆரம்பித்துவிடுகிறார்கள். பக்கவாதம் வந்து படுத்திருக்கும் என் அப்பாவின் கட்டில் ஜன்னலை ஒட்டி இருக்கிறது. பாட்டு தொடங்கும்போதெல்லாம் அவர் கை போர்வையை இறுக்கிப் பிடிக்கும்.

ஐயாறு:
அம்மன் பாட்டு உங்களுக்குச் சத்தமாகிவிட்டதா? திருவிழாவுக்கு இரவு 12 மணி வரை அனுமதி தர அரசுக்கு அதே விதியில் இடம் இருக்கிறது. பாதியை மட்டும் படித்துவிட்டு வராதீர்கள். எங்கள் திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனை நடக்கும்போது ஊரே காவிரிக்கரையில் உட்கார்ந்து கேட்கும். அதில் கிடைக்கிற நிம்மதி எந்த வாசலிலும் கிடைக்காது.

மன்னை:
அந்த அனுமதி ஆண்டுக்கு மொத்தமே 15 நாளுக்கு மேல் இல்லை. மீதிப் பாதியை நீங்கள் படியுங்கள். ஆராதனையில் கேட்க விரும்புகிறவன் தேடிவந்து உட்காருகிறான். என் அப்பாவால் எழுந்து போக முடியாது.

கடைமடைக்காரன்:
பேச்சை மாற்றாதீர்கள். எட்டு மணிக்கு அணைக்கச் சொன்னவர் இன்னும் பதில் சொல்லவில்லை. தண்ணீர் முதலில் வந்து சேரும் தலைமடையில் இருப்பவர்களுக்கு எதுவும் சுலபம். 2022-ல் மேட்டூர் அணையை மே 24-லேயே திறந்தார்கள், 2024-ல் ஜூலை 28-க்குத் தள்ளிப்போனது. எப்போது திறந்தாலும் முதல் நனைவு உங்களுக்கு, கடைசி நனைவு எங்களுக்கு. அறுவடை ஆனாலும் ஓய்வு இல்லை. கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டித் தார்ப்பாய் போட்டு மூடி, பக்கத்திலேயே படுப்போம். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்றால் திருப்பிவிடுவார்கள். “நாளைக்கு உங்கள் நெல்லைப் போடுகிறோம்” என்ற தகவலும் அந்தப் போனில்தான் வருகிறது.

அரசலாறு:
2024-ல் எங்களுக்கு மட்டும் ஆற்றில் தண்ணீர் ஓடியதா? குறுவை நெல்லுக்கு அதை நம்பி இருந்தவன் கும்பகோணத்திலும் தலையில் கை வைத்துத்தான் உட்கார்ந்தான். நீங்கள் மட்டும்தான் விவசாயி என்பதுபோல் பேசாதீர்கள்.

கடைமடைக்காரன்:
உங்களுக்கு மோட்டார் இருந்தது.

சரி, அமைதியைப் பற்றியே பேசுவோம். 2018 நவம்பர் 16, கஜா புயல் எங்கள் தலைமேல்தான் கரையேறியது. கம்பம் சாய்ந்தது, டவர் செத்தது, தென்னை எல்லாம் வேரோடு படுத்துவிட்டது. போன் இல்லை, டிவி இல்லை, ஒலிபெருக்கியும் இல்லை. நீங்கள் கேட்கிற அமைதி எங்களுக்கு வாரக்கணக்கில் கிடைத்தது. ஓலை உரசுகிற சத்தம் இல்லாத தோப்பில் நின்று பார்த்திருக்கிறீர்களா? திருப்பூரில் வேலை பார்த்த தம்பிக்கு நாங்கள் உயிரோடு இருப்பதைச் சொல்ல வழி இல்லாமல் என் அம்மா ரோட்டில் போகிற வண்டியை எல்லாம் நிறுத்தினாள். அதிலிருந்து எட்டு மணி என்ன, எந்த மணிக்கும் அவள் போனை அணைக்க விடுவதில்லை. தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் படுக்கிறாள்.

அரசலாறு:
அந்த நாட்களில் தெருவில் ஒரே அடுப்பு மூட்டி எல்லாரும் சேர்ந்து சமைத்துச் சாப்பிட்டோம் என்று போன வருஷம் இங்கேயே எழுதியவர் நீங்கள்தான். பக்கத்து வீட்டுக்காரரோடு இருந்த வரப்புத் தகராறு அப்போதுதான் தீர்ந்தது என்றும் எழுதினீர்கள். போன் இருந்திருந்தால் அந்தப் பேச்சு நடந்திருக்குமா? நான் சொல்வதும் அதுதான். அதற்குப் புயல் வரும் வரை ஏன் காத்திருக்க வேண்டும்?

கடைமடைக்காரன்:
தகராறு தீர்ந்தது பயத்தில். கூரை இல்லாதவனோடு யார் வரப்புக்குச் சண்டை போடுவார்கள்? அதை எடுத்து உங்கள் எட்டு மணிக்கு முட்டுக் கொடுக்காதீர்கள்.

ஐயாறு:
இரண்டு பேரும் கோவிலுக்குப் போய் அரை மணி நேரம் உட்காருங்கள். எல்லாம் சரியாகும்.

மன்னை:
எந்தக் கோவிலில்? ஸ்பீக்கர் இல்லாத கோவில் ஒன்றைச் சொல்லுங்கள், என் அப்பாவைச் சக்கர நாற்காலியில் வைத்துக் கூட்டிக்கொண்டு வருகிறேன்.

ஐயாறு:
உங்களோடு பேசிப் பயனில்லை. மன்னார்குடிக்காரர்கள் எதிலும் குறைதான் சொல்வீர்கள்.

மன்னை:
ஊரை இழுக்காதீர்கள். நாலரை மணிக்குப் பதில் சொல்லுங்கள்.

அரசலாறு:
கடைமடை அண்ணே, கடைசியாகக் கேட்கிறேன். லஸ்கர் நம்பரும் உங்கள் தம்பி நம்பரும் மட்டும் மணி அடிக்கும்படி வைத்துவிட்டு, மற்றதை எட்டு மணிக்கு நிறுத்த உங்களுக்கு என்ன கஷ்டம்?

கடைமடைக்காரன்:
லஸ்கர் எந்த நம்பரிலிருந்து கூப்பிடுவார் என்று உங்களுக்குத் தெரியுமா? அவர் போனில் சார்ஜ் இல்லை என்றால் கரையில் நிற்கிற எவன் போனிலிருந்தாவது கூப்பிடுவார். வெண்ணாற்றுக் கரையில் முறைத் தண்ணீருக்குக் காத்திருந்து பார்க்காதவரோடு நான் எப்படிப் பேசுவது? தை அறுவடை முடியட்டும், இங்கே ஒரு ராத்திரி வந்து படுங்கள். கொசுவலை தருகிறேன்.

திருவாரூர் டீச்சர்:
என் கேள்வி அப்படியே நிற்கிறது சார். முன்னாலா, பின்னாலா?