மூன்று பல்பில் ஒன்று நைஜர் யுரேனியத்தில் எரிகிறதா?

தென்கரை:
"நைஜர் யுரேனியம் பிரான்சுக்கு ஒரு பொருட்டே இல்லை, ராணுவ ஆட்சி சும்மா வீராப்பு காட்டுகிறது" என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. பிரான்சில் எரியும் மூன்று பல்பில் ஒன்று நைஜர் யுரேனியத்தில் எரிகிறது. நைஜரின் ஆர்லிட் சுரங்கத்தில் 1971ல் உற்பத்தி ஆரம்பித்தது. அரை நூற்றாண்டு தாண்டியும் நைஜரில் ஐந்தில் ஏறக்குறைய நாலு பேர் வீட்டில் கரண்ட் இல்லை. இது பொருட்டே இல்லையா?

கணக்கன்:
எழுதினது நான்தான், பேரைச் சொல்லியே கேளுங்க. மூணுல ஒண்ணுங்கிறது தப்பு. பிரான்ஸ் அணு உலைகளுக்கு வருஷத்துக்குச் சுமார் 8,000 டன் யுரேனியம் வேணும். 2022ல நைஜர் மொத்தமா எடுத்ததே 2,000 டன் சுமாருக்குத்தான். அத்தனையும் பிரான்சுக்கே போனாலும் கால் பங்கு. கஜகஸ்தான், உஸ்பெகிஸ்தான், ஆஸ்திரேலியான்னு பல இடத்துல வாங்குறாங்க. மூணுல ஒரு பல்பு எங்கேருந்து வந்துச்சு?

தென்கரை:
வசதியாக 2022ஐ மட்டும் எடுத்துக்கொண்டீர்கள். நைஜரின் இன்னொரு சுரங்கமான அகூட்டா 2021 மார்ச்சில் மூடப்பட்ட பிறகு உள்ள கணக்கு அது. 2015ல் நைஜர் எடுத்தது 4,000 டன்னுக்கு மேல். 8,000ல் 4,000 எத்தனை என்று நீங்களே சொல்லுங்கள். மூன்றில் ஒன்று என்று நான் குறைத்துத்தான் சொன்னேன்.

கணக்கன்:
அந்த 4,000மும் பிரான்சுக்கா போச்சு? அகூட்டாவை நடத்தின கோமினாக் கம்பெனியில ஜப்பானுக்கு 25, ஸ்பெயினுக்கு 10 சதவீதம் பங்கு. பங்கு வெச்சிருந்தவன் சரக்கை விட்டுட்டா போவான்? இன்னொண்ணு, பிரான்ஸ் மின்சாரம் முழுக்க அணுவுல வர்றதில்ல. பல்பு, பல்புன்னு பேசினா அதையும் கழிக்கணும்.

பாலைமணல்:
நைஜீரியாகிட்ட எண்ணெயே அவ்வளவு இருக்கு, யுரேனியத்துக்கு ஏன் இந்த அடிதடி?

தென்கரை:
பாலைமணல், நைஜர் வேறு, நைஜீரியா வேறு. தலைப்பையாவது படித்துவிட்டு வாருங்கள்.

பாலைமணல்:
தெரியாமத்தான் கேட்டேன், அதுக்கு இப்படியா விழுவீங்க? நைஜருக்குப் பாதிக்கு மேல கரண்ட் நைஜீரியாவிலிருந்துதானே வந்துச்சு. 2023 ஜூலையில நைஜர்ல ராணுவம் ஆட்சியைப் பிடிச்சதுக்கு அப்புறம் நைஜீரியா கரண்டை நிறுத்தினதும் தலைநகர் நியாமே இருட்டாச்சு. சம்பந்தமே இல்லைன்னு எப்படிச் சொல்றீங்க?

மருதம்:
பல்பை விடுங்கப்பா. ஆர்லிட் சுரங்கத்தை நடத்தின சோமையர் கம்பெனியில பிரெஞ்சு அணுசக்தி நிறுவனம் ஒரானோவுக்கு 63.4 சதவீதம், நைஜர் அரசுக்கு 36.6ன்னு பங்கு இருந்துச்சு. மண் யாருது, பெரும்பங்கு யாருதுன்னு பாருங்க. 1974ல அப்போதைய நைஜர் ஜனாதிபதி டியோரி ஹமானி யுரேனிய விலையை ஏத்தச் சொல்லிப் பேச்சுவார்த்தையில இருந்தப்பவே ஆட்சி கவிழ்ந்துச்சு. 2006 சுரங்கச் சட்டம், கம்பெனி அரசுக்குக் கட்டுற ராயல்டி 12 சதவீதம் வரைக்கும் போகலாம்னுச்சு, கம்பெனியை அதுக்குள்ள கொண்டுவர 2014 ஆயிடுச்சு. அதுவரைக்கும் 5.5. அகூட்டாவுல 2 கோடி டன் கழிவு மேடு நிக்குது, அதை யார் சுத்தம் பண்ணுவாங்க? 2025 ஜூன்ல சோமையரை நாட்டுடைமை ஆக்குறோம்னு சொன்னதுக்குக் காரணம் இதெல்லாம்தான்.

தென்கரை:
மருதம் சொல்வது அத்தனையும் என் பக்கத்து வாதம். மூன்று பல்பில் ஒன்று என்று நான் சொன்னதும் இதைத்தான்.

கணக்கன்:
மருதம் பல்பைப் பத்தி ஒரு வார்த்தை பேசல. ராயல்டி வேற, பல்பு வேற. நாட்டுடைமைன்னு சொல்லிட்டீங்க, சரக்கு எந்த வழியா போகும்? நைஜருக்குக் கடல் கிடையாது. லாரியில பக்கத்து நாடு பெனின்ல இருக்கிற கோட்டனூ துறைமுகம் போய்ச் சேரணும். பெனின் எல்லை மூடினதும் ஆயிரம் டன்னுக்கு மேல ஆர்லிட்லயே தேங்கிச்சு. வீராப்புன்னு நான் சொன்னது அதை.

தென்கரை:
பிரெஞ்சுத் தூதரை நைஜர் ஆட்சியாளர்கள் வெளியேற்றினார்கள், 2023 டிசம்பருக்குள் பிரெஞ்சுப் படையும் வெளியேறியது. பேச்சோடு நின்றிருந்தால் வீராப்பு எனலாம். போன மாதம் நைஜரின் நாணயமான சிஎஃப்ஏ பிராங்க் பற்றிய விவாதத்திலும் உங்கள் பாட்டு இதேதான். 1994ல் ஒரே நாளில் நாணயத்தின் மதிப்பைப் பாதியாக்கினார்களே என்று கேட்டேன். இன்றுவரை பதில் இல்லை.

கணக்கன்:
பதில் சொன்னேன், நீங்க படிக்கல. ஏற்றுமதிக்கு அது உதவும்னு எழுதினேன்.

தென்கரை:
அரிசியும் மருந்தும் இறக்குமதி செய்கிறவனிடம் போய்ச் சொல்லுங்கள் அதை. அன்று மூன்று பேர் உங்களிடம் கேட்டார்கள், நீங்கள் காணாமல் போனீர்கள்.

மருதம்:
நான் கேட்டது கழிவு மேட்டை யார் சுத்தம் பண்ணுவாங்கன்னு. ரெண்டு பேரும் அந்தப் பக்கமே வரல.

பாலைமணல்:
எனக்கும் இன்னும் பதில் வரல.

தென்கரை:
கழிவைப் பற்றிப் பிறகு பேசுகிறேன். 2015 கணக்கு அங்கேயே நிற்கிறது, கணக்கன் இன்னும் மறுக்கவில்லை. மூன்றில் ஒன்று.

கணக்கன்:
மறுத்தாச்சு, ரெண்டு தடவை. ஜப்பான் பங்கைக் கழிச்சிட்டு வாங்க.