மறு: மறு: ஃபவுண்டரிக்குத் தமிழில் என்ன? (வியாழனுக்குள் வேண்டும்)

கயல், திங்கள் காலை

குழுவினருக்கு வணக்கம். மேல்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கான அறிவியல் இதழுக்கு ஒரு கட்டுரை மொழிபெயர்க்கிறேன். கணினி, போனுக்குள் இருக்கும் சில்லுகளை (சிப்) செய்யும் தைவான் நிறுவனம் டிஎஸ்எம்சி வளர்ந்த கதை. மோரிஸ் சாங் 25 ஆண்டு அமெரிக்காவின் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸில் குப்பைகொட்டியது, 1985இல் தைவான் அரசு அழைத்துப் போனது, 1987இல் 55 வயதில் இந்த நிறுவனத்தைத் தொடங்கியது எல்லாம் தடையில்லாமல் வந்துவிட்டது. முட்டுவது இரண்டே சொல்: ஃபவுண்டரி (பிறர் வரைந்த சில்லைச் செய்து மட்டும் தரும் ஆலை), ஃபேப்லெஸ் (சில்லை வரைந்துவிட்டுச் செய்வதை வெளியே விடும், சொந்த ஆலை இல்லாத நிறுவனம்). முதலாவதற்கு இப்போதைக்கு 'ஒப்பந்தச் சில்லு உற்பத்தி நிறுவனம்' என்று போட்டிருக்கிறேன். பதினான்கு இடத்தில் வருகிறது. பக்கம் கட்டுபவர் போனில் திட்டிவிட்டார். வியாழன் மாலை அச்சுக்குப் போகிறது. சின்னதாக ஒரு சொல் கொடுங்கள்.

புலவர், திங்கள் காலை

அம்மா கயல், 'வார்ப்பகம்' என்று யாராவது சொல்லுமுன் முந்திக்கொள்கிறேன். வார்த்தல் என்பது ஊற்றுதல். தோசை வார்க்கிறோம், தாரை வார்க்கிறோம், இரும்பை உருக்கி வார்க்கிறோம். சில்லில் எதை ஊற்றுகிறார்கள்? ஆங்கிலேயன் உலோகம் வார்க்கும் பட்டறையின் பழைய சொல்லைப் புதுத் தொழிலுக்கு இரவல் வாங்கினான் என்றால் நாமும் அதே இரவலுக்கு வட்டி கட்டவேண்டுமா?

பொன்முடியார் வழி காட்டியிருக்கிறார்: 'வேல்வடித்துக் கொடுத்தல் கொல்லற்குக் கடனே' (புறம். 312). கொல்லன் வேலை வடிப்பான், கொடுப்பான். தானே தூக்கிக்கொண்டு போருக்குப் போகமாட்டான். நீங்கள் சொல்லும் கம்பெனியின் குணமும் அதுதானே? ஆகவே வடிப்பகம். வடி என்னும் அடியிலிருந்தே வடிவு, வடிவம், வடிவமைப்பு எல்லாம் கிளைத்தன என்பது என் துணிபு. வடிவமைப்பவர் ஒருவர், வடிப்பவர் ஒருவர். ஒரே வேரில் இரண்டு தொழிலும் அடங்குகிறது பாருங்கள். இதை விரிவாக நாளை எழுதுகிறேன்.

நல்லூராள், திங்கள் இரவு

புலவர் ஐயா, வடிப்பகம் எண்டால் எங்கட பக்கம் சனம் சிரிக்கும். யாழ்ப்பாணத்துத் திக்கம் வடிசாலை எண்டால் பனஞ்சாராயம்தான். பிள்ளையள் படிக்கிற இதழில தைவான்காரர் சாராயம் காய்ச்சின கதையோ எண்டு கேட்பினம்.

புலவர், செவ்வாய் அதிகாலை

சாராயத்துக்கு அஞ்சிச் சங்கத்தை விடுவதற்கில்லை. சோறு வடிப்பதும் வடிப்புதான். [வடி, வடு, வார், வாள் பற்றிய நாலு பத்தி இருந்தது, குழுவின் நலன் கருதி இங்கே மடித்துவைக்கிறேன் - மட்டுறுத்துநர்]

சிஞ்சுவாசி, செவ்வாய்

வணக்கம். நான் தைவானின் சிஞ்சு ஊரில் ஃபேப் (சில்லு ஆலை) வேலையில் இருப்பவன். புலவர் ஐயா சொன்னதில் பாதி சரி. இங்கே எதையும் வார்ப்பதில்லை. ஆனால் வடிப்பதும் இல்லை, அச்சடிக்கிறோம். 300 மில்லிமீட்டர் அகலமுள்ள சிலிக்கான் தட்டின்மேல் ஒளியை வைத்துக் கோடு கோடாக அச்சிடுவது, அரிப்பது, படியவைப்பது, மறுபடி அச்சிடுவது. ஒரு தட்டு உள்ளே போனால் வெளியே வர ஏறத்தாழ மூன்று மாதம். ஒளி அச்சுப் பகுதி முழுக்க மஞ்சள் வெளிச்சம்தான், வெள்ளை விளக்கு பட்டால் தட்டின் மேல் பூசிய ரசாயனம் கெட்டுவிடும். பழைய ஊர் ஸ்டூடியோ இருட்டறை ஞாபகம் வரும். என் ஓட்டு 'சில்லு அச்சகம்'. பதிப்பகம் வேறு, அச்சகம் வேறு என்பது எந்தப் பிள்ளைக்கும் தெரியும். டிஎஸ்எம்சி சொந்தமாக ஒரு புத்தகமும் போடாத அச்சகம்.

சீனத்தில் இதற்கு 'ஜிங்யுவான் தைகோங்' என்கிறார்கள். ஜிங்யுவான் என்றால் பளிங்கு வட்டம், அதாவது அந்தத் தட்டு. தைகோங் என்றால் ஒருவருக்குப் பதிலாகச் செய்யும் வேலை. அவர்கள் வார்ப்பு, உலை என்று எதையும் இழுக்கவில்லை.

இன்னொன்று, சொல்லுக்குச் சம்பந்தமில்லை. இவ்வளவு நுட்பமான ஊரில் இயந்திரம் மக்கர் பண்ணாமலிருக்க மேலே 'குவாய் குவாய்' என்ற நொறுக்குத்தீனிப் பொட்டலம் வைப்பார்கள். பெயருக்கு 'சமர்த்து' என்று பொருள். பச்சைப் பொட்டலம்தான் ஆகும். மஞ்சள், சிவப்பு ஆகாது. தேதி முடிந்ததை வைக்கக்கூடாது. சுத்த அறைக்குள் தீனி போகாது, வெளியே சர்வர் அடுக்குகளில் பார்க்கலாம். நம் ஆயுத பூஜைப் பொரிகடலைதான், வருடம் பூராவும்.

பீளமேட்டான், செவ்வாய் இரவு

தம்பி சொன்ன பொட்டலக் கதை நல்லாருக்குங்க. நான் வார்ப்புக்காகப் பேச வந்தேன், எங்கப்பா காலத்துல இருந்து பவுண்டரிதான்.

எங்ககிட்ட வர்ற பம்புக் கம்பெனிக்காரர் மரத்துல செஞ்ச பேட்டர்ன் கொண்டாந்து குடுப்பாரு. அதை மண்ணுல அழுத்தி அச்செடுத்து, இரும்பை ஊத்தி, ஆறுனதும் தட்டிக் குடுத்துருவோம். பேட்டர்ன் எங்க பரண்லதான் கிடக்கும், ஆனா மேல அவரு கம்பெனி பேரு பெயின்டுல எழுதியிருக்கும். அதை வெச்சு இன்னொருத்தருக்கு ஒரு பீஸ் ஊத்துனோம்னு தெரிஞ்சா அடுத்த நாள் பவுண்டரியை மூட வேண்டியதுதான். நாங்களே பம்பு போட்டு விக்க ஆரம்பிச்சாலும் அதே கதிதான். எவன் பேட்டர்ன் குடுப்பான்?

ஆங்கிலத்துக்காரன் தெரிஞ்சேதான் இந்தப் பேரை எடுத்திருக்கான்னு தோணுதுங்க. ஊத்தறதுல இல்லை ஒப்புமை, பரண்ல இருக்குது.

கயல், புதன் காலை

பீளமேட்டு அண்ணா, இதைக் கட்டுரையிலேயே சேர்த்துக்கொள்ளட்டுமா? மூலத்தில் இப்படி ஒரு விளக்கம் இல்லாமல் பிள்ளைகள் தடுக்கி விழுவார்கள் என்று பயந்துகொண்டிருந்தேன். தொடக்கத்தில் டிஎஸ்எம்சியில் இன்டெலும் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸும் முதல் போட மறுத்தன, பிலிப்ஸ்தான் 27.5 விழுக்காடு பங்கு எடுத்தது. ஆலை வைத்திருப்பவனே சில்லும் வரைவான் என்றிருந்த காலத்தில் 'வரையமாட்டேன், செய்து மட்டும் தருவேன்' என்றவரை யார் நம்புவார்கள்? பிறகு அந்த 'வரையமாட்டேன்' தான் முதலாகிவிட்டது. ஐபோனுக்கு ஆரம்பத்தில் சில்லு செய்துதந்தது சாம்சங். அதுவோ தன் போனையும் கடையில் விற்றது. 2014இல் ஆப்பிள் ஏ8 சில்லைத் தைவானுக்குக் கொண்டுபோய்விட்டது.

அப்படியானால் சொல்லில் 'சொந்தச் சரக்கு இல்லை' என்பதும் தெரியவேண்டாமா? திருப்பூரில் ஜாப் ஒர்க் என்கிறார்களே, நெசவில் கூலி நெசவு என்கிறார்களே, அதுபோல?

புலவர், புதன்

கூலி நெசவில் பாவும் ஊடையும் முதலாளியுடையவை. இங்கே சிலிக்கான் தட்டை ஆலைதான் வாங்குகிறது. கூலி பொருந்தாது.

சிஞ்சுவாசி, புதன்

உண்மை. தட்டு எங்களுடையது, வரைபடம் அவர்களுடையது. அச்சகத்திலும் தாள் அச்சகக்காரர் வாங்குவதுண்டு என்பதைப் பணிவுடன் நினைவூட்டுகிறேன்.

ஃபேப்லெஸ்ஸை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். 'ஆலையிலி' எப்படி?

நல்லூராள், புதன்

நாதியிலி மாதிரிக் கிடக்கு. சொந்த ஆலை இல்லாமல் சில்லு வரையிற என்விடியாவைப் பார்த்து இரக்கப்படுறதோ?

சிஞ்சுவாசி, புதன் இரவு

அக்கா, அந்தக் காலத்தில் இரக்கம்தான் பட்டார்கள். அமெரிக்கச் சில்லு நிறுவனம் ஏஎம்டியின் அப்போதைய தலைவர் ஜெர்ரி சாண்டர்ஸ், ஆண்பிள்ளை என்றால் சொந்த ஃபேப் வைத்திருப்பான் என்ற பொருளில் சொன்னது இத்துறையில் எல்லாருக்கும் மனப்பாடம். 2009இல் அதே ஏஎம்டி தன் ஆலைகளைப் பிரித்துவிட்டுவிட்டது. இப்போது அவர்களுடைய முன்னணிச் சில்லுகள் தைவானில் அடிக்கப்படுகின்றன. ஆலையிலி என்ற சொல்லில் அந்தப் பழைய ஏளனமும் கொஞ்சம் ஒட்டியிருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

புலவர், வியாழன் அதிகாலை

ஆலையிலி இலக்கணப்படி குற்றமற்றது. ஏற்கிறேன். ஆனால் ஆலை என்ற சொல்லே முதலில் கரும்பு ஆட்டும் இயந்திரத்தைக் குறித்தது. அதைச் சிலிக்கானுக்கு நீட்டும்போது யாரும் முனகவில்லை, வடிப்பகத்துக்கு மட்டும் சாராயத்தை நீட்டுகிறீர்கள்.

கயல், வியாழன் மதியம்

பக்கம் கட்டுபவர் எதிரில் உட்கார்ந்திருக்கிறார், அதனால் முடித்துவிட்டேன். 'சில்லு வார்ப்பகம்'. முதல் முறை வரும் இடத்தில் 'பிறர் வரைந்த சில்லை அவர்களுக்காகச் செய்துதரும், சொந்தச் சரக்கு விற்காத ஆலை' என்று ஒரு வரி, பக்கத்தில் பீளமேட்டு அண்ணாவின் பரண் ஒரு பெட்டிச் செய்தியாக. அச்சகம் எனக்கும் பிடித்தது, ஆனால் 'அச்சகத்தில் அச்சான சில்லு' என்று எழுதினால் காகிதச் சில்லு என்று ஒரு பிள்ளையாவது நினைக்கும். ஃபேப்லெஸ்ஸுக்கு 'ஆலையில்லா நிறுவனம்'. ஆலையிலியை ஆசிரியர் அடித்துவிட்டார். எல்லோருக்கும் நன்றி.

புலவர், வியாழன் மதியம்

என் எழுத்தில் வடிப்பகம்தான் வரும். பதிவுக்காகச் சொல்லிவைக்கிறேன்.

நல்லூராள், வியாழன் இரவு

இப்பதான் வேலையால வந்து பார்க்கிறன். பிள்ளை கயல், இதழ் இணையத்திலயும் வாறதெல்லோ? எங்கட பக்கம் சில்லு எண்டால் சக்கரம். சைக்கிள் சில்லு, வண்டிச் சில்லு. சில்லு வார்ப்பகம் எண்டு வாசிச்சால், தைவானில வண்டிச் சக்கரம் ஊத்துகினம் எண்டுதான் விளங்கும். போன மாதம் 'சிப்பு' எண்டு வைப்பம் எண்டு கேட்டனான், ஒருத்தரும் கேக்கேல்லை.

பீளமேட்டான், வியாழன் இரவு

அக்கா, அந்தச் சில்லும் நாங்க ஊத்தறமுங்க. பேட்டர்ன் மட்டும் குடுத்து உடுங்க.