புதுப்பிப்பு: பழைய ஆம்ப்ளிஃபயரின் திரை மீண்டும் எரிகிறது

பழையதாக வாங்கிய ஆம்ப்ளிஃபயரில் ஒலி குறையின்றி வந்தும் முகப்புத் திரை மட்டும் அடியோடு இருண்டு கிடப்பதாகச் சென்ற மாதம் எழுதியிருந்தேன். அது வெற்றிடக் கண்ணாடிக் குழாய்க்குள் எழுத்துகள் ஒளிரும் VFD வகைத் திரை; அந்தக் குழாயே போய்விட்டது என்பதுதான் பலரின் கணிப்பு. அது தவறு என்று இப்போது உறுதியாகிவிட்டது.

குழாயின் மூலையிலுள்ள வெள்ளிப் பூச்சு வெளுக்காமல் பளபளப்பாகவே இருந்ததால், உள்ளே காற்று புகவில்லை என்று முதலில் தெரிந்துகொண்டேன். பிறகு அறை விளக்கை அணைத்துவிட்டு உற்றுப் பார்த்தபோது, முடியிழை போன்ற மின்னிழைகள் மங்கிய செம்மஞ்சள் நிறத்தில் கனன்றுகொண்டிருந்தன. இழைக்கு மின்சாரம் வந்தும் எழுத்துகள் ஒளிராததால், இவ்வகைத் திரைக்குத் தேவையான மைனஸ் 30 வோல்ட் அளவிலான மின்னழுத்தத்தின் மீது சந்தேகம் திரும்பியது. மல்டிமீட்டர் அங்கே சுழியத்தைத்தான் காட்டியது.

வேரைத் தேடிப் போனால், மின்னோட்டம் மிஞ்சினால் ஃபியூஸ் போல அறுந்துவிடும் வெறும் 10 ஓம் ஃபியூசிபிள் ரெசிஸ்டர் ஒன்று அறுந்திருந்தது. அதையடுத்த 100 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரின் அடியில் பழுப்புக் கசிவு. ரெசிஸ்டரை மட்டும் மாற்றியிருந்தால் அதுவும் கருகியிருக்கும் என்பதால் இரண்டையும் மாற்றினேன். சாதாரண ரெசிஸ்டரைப் போடாமல் அதே ஃபியூசிபிள் வகையையே தேடிப் பிடித்தேன்.

திரை இப்போது நீலப்பச்சையாக ஒளிர்கிறது. முந்தைய உரிமையாளர் ஓயாமல் பயன்படுத்திய ‘சிடி’ என்ற எழுத்துகள் மட்டும் சற்று மங்கல்; அது பாஸ்பர் எனும் ஒளிரும் பூச்சின் தேய்மானம், அதற்கு மருந்தில்லை.