புது வண்டியில் புளியரை ஏற்றம்: முதல் ஆயிரம் கிலோமீட்டர் எப்படி ஓட்ட வேண்டும்?

செங்கோட்டைக்காரன்:
வணக்கம். வண்டி எடுத்துப் பதினெட்டு நாள் ஆகிறது. 1.2 லிட்டர் பெட்ரோல், ஐந்து கியர், மீட்டரில் 340 கிலோமீட்டர். வீட்டுக்காரிக்குப் புனலூர், அதனால் வாரம் ஒரு தடவை புளியரை, கோட்டைவாசல், ஆரியங்காவு, தென்மலை வழியாகப் போய் வர வேண்டும். அப்பா அம்பாசிடர் ஓட்டியவர், ஆயிரம் கிலோமீட்டர் வரை நாற்பதைத் தாண்டாதே என்று பக்கத்து சீட்டில் இருந்து முள்ளையே பார்த்துக்கொண்டு வருகிறார். ஷோரூமில் சாவி கொடுத்தவரோ, இப்போதைய இன்ஜினுக்கு அதெல்லாம் வேண்டாம், இஷ்டம் போல ஓட்டுங்கள் என்றார். போன ஞாயிறு எஸ் வளைவில் வைக்கோல் லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டேன். இன்ஜின் சத்தம் போடக் கூடாதே என்று மூன்றாவது கியரிலேயே பெடலை அழுத்தி ஏற்றினேன், வண்டி உதறி ஸ்டியரிங் பிடித்த கையெல்லாம் அதிர்ந்தது. வாழ்க்கையில் முதல் வண்டி. கெடுத்துவிட்டேனோ என்று தூக்கமே இல்லை.

தென்காசி ஒர்க்‌ஷாப்:
தம்பி, ஒரு தடவை உதறியதில் ஒன்றும் ஆகியிருக்காது, நிம்மதியாக இருங்கள். ஆனால் இனிமேல் அப்படி ஏற்றாதீர்கள். புது இன்ஜினுக்கு நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றுவதை விட, பெரிய கியரில் 1200 சுற்றில் பெடலை அழுத்துவதுதான் கெடுதல். சுற்று குறைவாக இருக்கும்போது ஆயில் அழுத்தமும் குறைவு, அந்த நேரத்தில் முழுச் சுமையும் பேரிங் மேல் இறங்கும்.

நாற்பதிலேயே உருட்டுவதும் சரியில்லை, ஏன் என்று சொல்கிறேன். சிலிண்டர் சுவரை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் குறுக்கும் மறுக்குமாக மெல்லிய கீறல்கள் தெரியும். ஹோனிங் என்போம், ஆயில் தங்குவதற்காகக் கம்பெனியே போடுவது. பிஸ்டனைச் சுற்றி மாட்டியிருக்கும் புது ரிங் அந்தக் கீறலின் முனைகளில் உரசி உரசித்தான் சுவரோடு பொருந்தும். ரிங்குக்கு சொந்த விறைப்பு கொஞ்சம்தான், அதன் பின்னால் புகுந்து சுவரோடு சேர்த்துத் தள்ளுவது எரிகிற வாயுவின் அழுத்தம். பெடலைத் தொட்டும் தொடாமலும் ஓட்டினால் அந்த அழுத்தமே கிடைக்காது, ரிங் சேர்வதற்குள் சுவர் கண்ணாடி மாதிரி ஆகிவிடும், அப்புறம் காலத்துக்கும் ஆயில் குடிக்கும். பள்ளிக்கூடத்துக்கும் கோயிலுக்கும் மட்டுமே போய் வந்த ஒரு வண்டியை இப்படிப் பிரித்திருக்கிறேன், சிலிண்டரைத் திரும்பக் கடைகிற போர் வேலை வரை போனது, பார்க்கவே வருத்தமாக இருந்தது.

அதனால் ஏற்றத்தில் இரண்டாவது கியர் போட்டு 2500, 3000 சுற்றில் ஏறுங்கள், சத்தம் வரட்டும், பயப்படாதீர்கள். 3500-க்கு மேல் வேண்டாம், பெடலைத் தரையோடு மிதிக்கவும் வேண்டாம். உங்கள் வண்டியின் கையேட்டில் வேறு கணக்கு இருந்தால் அதையே பிடியுங்கள். திருநெல்வேலி ரோட்டில் போனால் ஒரே வேகத்தில் அரை மணி நேரம் ஓட்டாமல் ஐம்பது, எழுபது, அறுபது என்று மாற்றி மாற்றி ஓட்டுங்கள். காலையில் ஸ்டார்ட் செய்து அரை நிமிடத்தில் கிளம்பலாம், முதல் நாலைந்து கிலோமீட்டர் மட்டும் மெதுவாக. அப்பா சொன்னதும் அன்றைக்குச் சரிதான், அந்தக் காலத்து ஆயிலும் கடைசலும் வேறு.

ஆரியங்காவு டாக்ஸி:
அண்ணாச்சி சொன்னது அத்தனையும் சரி. நான் இந்த ரோட்டில் தினமும் போய் வருகிறவன், என் அனுபவத்தில் புது வண்டிக்கு இந்த மலை நல்லதுதான், ஏறும்போது சுமை, இறங்கும்போது பெடலை விட்டு கியரிலேயே இறங்கினால் ஓய்வு, மாறி மாறித் தானாகவே கிடைக்கும். நான் பயப்படுவது பிரேக்குக்குத்தான். புது பேட் முதல் இருநூறு முந்நூறு கிலோமீட்டர் வரை டிஸ்க்கோடு முழுசாகச் சேராது, புது டயரும் கொஞ்சம் வழுக்கும், நீங்கள் அதைத் தாண்டிவிட்டீர்கள், நல்லது. இருந்தாலும் கோட்டைவாசல் தாண்டி இறங்கும்போது நியூட்ரல் போடாதீர்கள், பிரேக்கில் காலை வைத்துக்கொண்டே வராதீர்கள். கருகல் நாற்றம் வந்தால் ஓரமாக நிறுத்தி ஆற விடுங்கள்.

செங்கோட்டைக்காரன்:
ரொம்ப நன்றி அண்ணே, இரண்டு பேருக்கும். அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன், ரிங் விஷயத்தை இரண்டு தடவை கேட்டார். இன்னும் ஒன்று. ஆயிரத்தில் ஆயில் மாற்ற வேண்டுமா? முதல் சர்வீஸில் வெறும் செக்கப்தான் என்கிறார்கள்.

தென்காசி ஒர்க்‌ஷாப்:
நிறைய வண்டிக்கு முதல் சர்வீஸ் செக்கப் மட்டும்தான், கையேட்டில் மாற்றச் சொல்லவில்லை என்றால் விடுங்கள். மனசு கேட்காவிட்டால் கைக்காசு போட்டு அதே கிரேடில் மாற்றலாம், நஷ்டம் ஒன்றுமில்லை. அதை விட முக்கியம் ஆயில் அளவு காட்டும் ஸ்டிக் பார்ப்பது. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, அணைத்துப் பத்து நிமிடம் கழித்து, ஸ்டிக்கை உருவித் துணியில் துடைத்து, திரும்ப முழுசாகச் சொருகி எடுங்கள். இரண்டு குறிக்கும் நடுவில் ஆயில் நிற்க வேண்டும். ரிங் சேரும் வரை கொஞ்சம் இறங்கலாம், கீழ்க் குறியைத் தொட்டால் உடனே ஊற்றுங்கள்.

செங்கோட்டைக்காரன்:
இப்போதுதான் பார்த்தேன் அண்ணே, மேல் குறிக்கு ஒரு நூல் கீழே நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை புனலூர் போகிறோம், இரண்டாவது கியரில். வந்ததும் திரும்ப அளந்து எழுதுகிறேன்.